சிறு குழந்தைக்குக் கண்ணாடி அவசியமா?

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலையும், கிணறும், பள்ளிக்கூடக் கட்டிடமும், தெரு விளக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் அவசியமானவையே. ஆயினும், கட்டிடம் எழுப்பி, ஆசிரியரை அமர்த்தி, கரும்பலகை மாட்டிய பின்னரும், அப்பலகையில் எழுதியிருப்பது ஒரு குழந்தையின் கண்ணுக்குத் தெரியவில்லையாயின், அக்குழந்தையைப் பொறுத்தமட்டில் அப்பள்ளிக்கூடம் கட்டப்படாததற்கு ஒப்பேயாகும். பயிரில் பூச்சி கண்டால் மறுநாளே வேளாண்மை அலுவலரைத் தேடிச் செல்லும் நாம், வீட்டிலுள்ள மூன்று வயதுக் குழந்தையின் இரு கண்களும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு முறையேனும் பார்த்ததுண்டா?

சிறு குழந்தைக்குக் கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குழந்தையின் வாய்ச்சொல்லைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பெற்றோரின் ஊகத்தைக் கொண்டும் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதையும் உரிய வயதுக்குள் செய்ய வேண்டும். இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது இதுவே.

குழந்தை ஏன் சொல்வதில்லை?

பெரியவர் ஒருவருக்குப் பார்வை மங்கினால், நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்று உணர்ந்து கூறுவார். பிறந்தது முதலே மங்கலாகக் காணும் குழந்தைக்கு அவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லை. உலகமே இப்படித்தான் இருக்கிறது என்று அது எண்ணிக்கொள்கிறது. தவிரவும், சிறு குழந்தைக்கு வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. தாயின் முகம், சோற்றுத் தட்டு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைக் காண்பதற்குக் கூர்மையான தூரப் பார்வை தேவையில்லை. ஆகையால், “ஓடியாடி விளையாடுகிறானே, அவன் கண்ணுக்கு என்ன குறை?” என்று கேட்பது சரியான அளவுகோல் ஆகாது.

ஒரு கண் நன்றாகவும் மறு கண் பழுதாகவும் இருக்கும் குழந்தையின் நிலை இன்னும் ஏமாற்றக்கூடியது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் குழந்தை தடுமாறுவதில்லை. வெளியே எந்த அடையாளமும் தெரிவதில்லை.

வாய்க்கால் தூர்ந்து போவது போல

கண் படம் பிடிக்கும் கருவி மட்டுமே. அப்படத்தைப் பொருளாக உணர்வது மூளை. பிறந்த குழந்தையின் மூளைக்குப் பார்க்கும் கலை தெரியாது; முதல் ஏழெட்டு ஆண்டுகளில், தெளிவான படங்கள் இடைவிடாது வந்து சேர்வதனால்தான் அது பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வருமாயின், மூளை அக்கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றொன்றையே நம்பத் தொடங்குகிறது.

விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். கடைமடைக்குப் பல ஆண்டுகள் தண்ணீர் செல்லாவிட்டால் வாய்க்கால் தூர்ந்து, புதர் மண்டிவிடுகிறது. பிறகு மடையைத் திறந்தாலும் தண்ணீர் வயலைச் சென்றடைவதில்லை. கண்ணும் அவ்வாறே. உரிய வயதில் கண்ணாடி அணிவிக்காமல் விட்டுவிட்டு, பதினைந்து வயதில் மிகச் சரியான கண்ணாடியை அணிவித்தாலும் அக்கண் முழுமையாகப் பார்ப்பதில்லை. இதனைச் சோம்பல் கண் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஏழு வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பலன் மிகுதி. அதற்குப் பின்னும், பன்னிரண்டு வயது கடந்தவர்களிலும் சிலருக்கு ஓரளவு பலன் கிடைப்பதுண்டு என்பதால் தாமதமானவர்களும் முயற்சியைக் கைவிடலாகாது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பலன் குறைந்துகொண்டே போகும்.

நமது வட்டாரத்துப் பள்ளியொன்றில் நடந்த பரிசோதனையின்போது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வலக் கண்ணால் கடைசி வரிசை எழுத்தையும் தயக்கமின்றிக் காட்டினான். அக்கண்ணை மூடி இடக் கண்ணால் பார்க்கச் சொன்னபோது, அட்டையின் உச்சியிலுள்ள பெரிய எழுத்தைத் தவிர வேறெதுவும் அவனுக்குத் தெரியவில்லை. அவன் தந்தை கடலை பயிரிடும் சிறு விவசாயி. அவர் நம்பவில்லை, தாமே மகனின் கண்ணைப் பொத்தி இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். பிறகு மருத்துவரிடம், “எப்போது கொண்டு வந்திருக்க வேண்டும் ஐயா?” என்று மட்டும் கேட்டார். “நான்கு வயதில்” என்றார் மருத்துவர். சிகிச்சை தொடங்கப்பட்டது, ஓரளவு முன்னேற்றமும் கண்டது. ஆயினும், அச்சிறுவன் காவல் துறைக்கோ இராணுவத்துக்கோ செல்ல விரும்பினால் அந்த இடக் கண் குறுக்கே நிற்கும். கிட்டிப்புள் பட்டோ, பட்டாசு வெடித்தோ வலக் கண்ணுக்கு ஊறு நேர்ந்தால் அவன் வாழ்வு என்னவாகும் என்பதைக் கூறத் தேவையில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீழ்க்காணும் அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் குழந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

1. நான்கு மாதத்துக்குப் பின்னும் ஒரு கண் உள்நோக்கியோ வெளிநோக்கியோ ஒதுங்குதல். மாறுகண் அதிர்ஷ்டம் என்பது வெறும் நம்பிக்கை. வளர வளரத் தானே சரியாகிவிடும் என்று காத்திருப்பது கேடு.

2. தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்த்தல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தொலைக்காட்சிக்கு மிக அருகில் சென்று அமர்தல்.

3. அடிக்கடி கண்ணைத் தேய்த்தல், படிக்கும்போது தலைவலி என்று கூறுதல், படிக்கட்டில் தடுமாறுதல்.

4. ஒரு கண்ணைப் பொத்தினால் சும்மா இருக்கும் குழந்தை, மறு கண்ணைப் பொத்தும்போது மட்டும் அழுது கையைத் தள்ளிவிடுதல். பொத்தியது நல்ல கண் என்பதற்கு இது அடையாளமாகலாம். பேசத் தெரியாத குழந்தையிடமும் இச்சோதனையைச் செய்யலாம்.

5. கண்ணின் நடுப் பாவை வெண்மையாகத் தெரிதல். கைப்பேசியில் எடுத்த படத்தில் ஒரு பாவை சிவப்பாகவும் மற்றது வெண்மையாகவும் தோன்றுவதும் இதில் அடங்கும். இது கண்புரையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். மறுநாளே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோரோ உடன்பிறந்தோரோ சிறு வயதிலேயே கண்ணாடி அணிந்தவர்களாயின், அடையாளம் எதுவும் இல்லாவிடினும் குழந்தையைச் சோதிப்பது நன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தேவை. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

பார்வை அட்டை கூறுவது என்ன?

எழுத்துகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே வரும் பார்வை அட்டையை 1862-ல் வெளியிட்டவர் ஸ்நெல்லன் என்னும் டச்சு மருத்துவர். 6 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதே அதன் முறை. ஒருவருடைய பார்வை 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரிலிருந்தே காணக்கூடிய எழுத்தை அவர் 6 மீட்டருக்கு நெருங்கி வந்தால்தான் காண்கிறார் என்று பொருள்.

எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இச்சோதனை கூடும். மூன்று விரல்களை நீட்டியது போன்ற ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் பல திசைகளில் அச்சிட்டு, விரல்கள் எந்தப் பக்கம் நீண்டுள்ளன என்று குழந்தையைக் கையால் காட்டச் செய்யலாம். வீடு, ஆப்பிள் போன்ற படங்களைக் கொண்ட அட்டைகளும் உண்டு. மூன்று வயது நிறைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இதனை ஒரு விளையாட்டாகவே செய்துவிடுவர்.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குரிய 6/6 பார்வையை மூன்று வயதுக் குழந்தையிடம் எதிர்பார்க்கக் கூடாது. நான்கு வயதுக் குழந்தைக்கு 6/12 போதுமானது. ஐந்து வயது நிறைந்த குழந்தைக்கு 6/9 அளவு இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, இரு கண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. ஒரு கண்ணைவிட மற்றது இரண்டு வரிசை குறைவாகக் காண்கிறதெனில், குறைந்த கண்ணின் அளவு எதுவாயினும் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். சோதிக்கும்போது மறு கண்ணை விரலால் அன்றி உள்ளங்கையாலோ அட்டையாலோ முழுவதும் மறைக்க வேண்டும். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பதில் குழந்தைகள் சமர்த்தர்கள்!

சொட்டு மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்

அட்டை குறை உண்டு என்று மட்டுமே சொல்லும்; என்ன கண்ணாடி என்று சொல்லாது. அதைக் கண்டறிய, மருத்துவர் கண்ணுள் ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் அசைவைக் கருவியால் பார்த்து, வில்லைகளை மாற்றி மாற்றி அளவெடுக்கிறார். இதற்குக் குழந்தை ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. ஆதலால் கைக்குழந்தைக்கும் அளவெடுக்கலாம்; தேவையாயின் கண்ணாடியும் அணிவிக்கலாம். “பள்ளிக்கூடம் சேரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

அளவெடுப்பதற்கு முன் சொட்டு மருந்தோ களிம்போ இடுவது வழக்கம். குழந்தையின் கண் வில்லை மிகவும் நெகிழ்வானது; அருகிலுள்ளதைப் பார்க்கும்போது இறுகித் தடித்துவிடும். அந்நிலையில் அளவெடுத்தால் இல்லாத கிட்டப் பார்வை இருப்பதுபோலத் தோன்றும். உண்மையான தூரப் பார்வைக் குறை மறைந்துபோகும். மருந்து வில்லையைத் தளர்த்தி உண்மை அளவை வெளிப்படுத்துகிறது. மருந்திடாமல், கணிப்பொறிக் கருவியின் முன் ஒரு நிமிடம் அமர்த்திக் கடையில் எழுதித் தரும் சீட்டைக் கொண்டு சிறு குழந்தைக்குக் கண்ணாடி வாங்குவது, மண் பரிசோதனையின்றி உரமிடுவதற்கு ஒப்பாகும்.

மருந்திட்டபின் பாவை விரிந்து, வெயில் கூசும். அருகிலுள்ள எழுத்து மங்கும். சில மருந்துகளின் விளைவு ஒரு நாளில் தீரும். வீட்டிலேயே மூன்று நாள் இடுவதற்காகக் கொடுக்கப்படும் அட்ரோபின் மருந்தின் விளைவு ஒன்று முதல் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். அதுகண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் முகம் சிவந்து காய்ச்சல் கண்டால் மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்தை வாயில் வைத்தால் நஞ்சாகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

பவர் இருந்தால் கண்ணாடியும் வேண்டுமா?

பலர் தவறாக எண்ணும் இடம் இதுவே. சோதனையில் ஏதோ ஒரு பவர் இருப்பதாகத் தெரிந்தால் உடனே கண்ணாடி வேண்டும் என்பதில்லை. பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. வளர்ந்தோருக்கு அது சுமார் 24 மில்லிமீட்டர். சிறிய கண்ணில் சிறிதளவு தூரப் பார்வைக் குறை இருப்பது இயற்கை. ஒன்று, இரண்டு பவர் அளவிலான இக்குறை, கண் வளர்வதோடு குறைந்துவிடுகிறது. அதுவரை நெகிழ்வான வில்லையே அதனை ஈடு செய்துகொள்கிறது. மாறுகண்ணும் பார்வைக் குறைவும் இல்லையெனில், இத்தகைய குழந்தைக்குக் கண்ணாடி தராமல் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மீண்டும் வரச் சொல்வதே மருத்துவர்களின் வழக்கம். அவ்வாறு சொன்னால் அது அலட்சியம் அன்று என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

அதே அளவு தூரப் பார்வை, கண் உள்நோக்கி ஒதுங்கும் குழந்தைக்கு இருந்தால் முடிவு வேறு. அக்குழந்தை தெளிவாகக் காண்பதற்காக வில்லையை இறுக்க, அந்த முயற்சியே கண்ணை மூக்கின் பக்கம் இழுக்கிறது. அத்தகைய மாறுகண், அறுவை சிகிச்சையின்றிக் கண்ணாடியாலேயே நேராவதுண்டு. இரு கண்களின் பவர் ஒன்றரை அளவுக்கு வேறுபட்டாலும், கருவிழியின் வளைவு சீராக இல்லாமல் உருவம் சிதறித் தெரிந்தாலும், சோம்பல் கண் ஏற்படாதிருக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. சிறிதளவு கிட்டப் பார்வை கைக்குழந்தைக்குத் தடையாவதில்லை. அதே அளவு, கரும்பலகையைப் பார்க்க வேண்டிய குழந்தைக்குத் தடையாகிறது. ஆகவே முடிவு, பவரின் எண்ணை மட்டும் அன்றி, வயது, பார்வையின் அளவு, மாறுகண், இரு கண்களின் வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்தே எடுக்கப்படுகிறது.

கண்ணாடி கொடுத்த பின்னர்

கண்ணாடி அணிந்தால் பவர் ஏறிவிடும் என்ற அச்சம் கிராமங்களில் பரவலாக உள்ளது. இது தவறு. கண் வளரும் வயதில் கிட்டப் பார்வை கூடுவது கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் நிகழக்கூடியது. பவரைக் குறைத்துக் கொடுத்தால் நல்லது என்று சிலர் கேட்பதுண்டு. மலேசியாவில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆய்வில், குறைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கே கிட்டப் பார்வை விரைவாகக் கூடியது. மேற்குச் சீனக் கிராமப் பள்ளிகளைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வு, இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்குத் தேர்ச்சி உயர்ந்ததைக் காட்டுகிறது.

பெண் குழந்தையாயின், “கண்ணாடி போட்டால் நாளை மாப்பிள்ளை கிடைப்பானா?” என்ற பேச்சு எழுகிறது. ஒரு கண்ணின் பார்வையை இழந்த பெண்ணுக்கு எவ்வளவு துன்பம் என்பதை இவ்வாறு பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தகைய பேச்சைத் தம் வீட்டிலிருந்தே நீக்குவது பஞ்சாயத்து உறுப்பினர்களுக்குப் பெருமையாகும்.

சோம்பல் கண்ணுக்கு, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத் துணியால் மறைத்துப் பழக்குமாறு மருத்துவர் கூறலாம். முதலில் குழந்தை அடம் பிடிக்கும். கதை சொல்லியும் விளையாட்டுக் காட்டியும் பழக்க வேண்டும். கண்ணாடியின் சட்டம் முகத்துக்கு அளவாக இருத்தலும், வில்லை உடைந்து குத்தாத பாலிகார்பனேட் வகையாக இருத்தலும் நன்று. கண்ணாடி நழுவாமல் பின்புறம் நாடா கட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை தேவை.

பிள்ளைகளைப் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுவது கிட்டப் பார்வை வராமல் தடுக்க உதவுகிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளைப் பற்றி 2015-ல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளில் மூன்றாண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கும், ஏனையோரில் சுமார் 40 பேருக்கும் கிட்டப் பார்வை புதிதாக ஏற்பட்டது. ஊரின் விளையாட்டுத் திடலை ஆக்கிரமிப்பின்றிக் காப்பதும் கண்ணைக் காக்கும் வேலையே.

கண்ணாடியால் தீராத குறையும் உண்டு. அந்தி வேளையில் தடுமாறும் மாலைக்கண், வைட்டமின் ஏ குறைவால் வருவது. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஒன்பது தவணைகளாக அளிக்கப்படும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறாமல் கொடுப்பதும், முருங்கைக் கீரை, பப்பாளி, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்ப்பதும் அதற்குரிய தடுப்பு முறையாகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

நமது நாட்டில் பார்வை இழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-ல் தொடங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசக் கண்ணாடி வழங்குவது அதன் பணிகளில் ஒன்று. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும். ஆயினும் குழு வரும் நாளில் குழந்தை வயலிலோ பாட்டி வீட்டிலோ இருந்துவிட்டால் திட்டத்தால் என்ன பயன்?

ஆதலால் குழு வரும் தேதியை முன்கூட்டியே அறிந்து ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். அங்கன்வாடிச் சுவரில் பார்வை அட்டையைத் தொங்கவிட்டு, தரையில் 6 மீட்டர் கோடு இழுத்து வைக்கலாம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி, இரு கண்களின் அளவையும் தனித்தனியே குறித்து வரலாம். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் அரசு மருத்துவமனைக்குச் சென்றதா என்று அந்தந்த வார்டு உறுப்பினர் விசாரிக்க வேண்டும். அன்றாடக் கூலியை இழந்து தனியே போக இயலாத பெற்றோரை, ஒரே நாளில் ஒரே வண்டியில் சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தால் பாதித் தடை நீங்கிவிடும். கிராம சபையில் வரவு செலவைப் படிக்கும்போதே, எத்தனை குழந்தைகள் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேருக்குக் கண்ணாடி கிடைத்தது, எத்தனை பேர் அதனை அணிகின்றனர் என்ற கணக்கையும் படிக்கலாம்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் அட்டையும், ஒரு பதிவேடும், ஊரிலுள்ள குழந்தைகளைத் தம் குழந்தைகளாகக் கருதும் நான்கைந்து பேரும் இருந்தால் போதும். தூர்ந்த வாய்க்காலை அடுத்த கோடையில் வெட்டிக்கொள்ளலாம். குழந்தையின் கண்ணுக்கு அவ்வாறு மற்றொரு கோடை வருவதில்லை. வரும் மாதக் கூட்டத்திலேயே இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஐந்து வயதுக்குள் இரு கண்களும் சோதிக்கப்படாத குழந்தை ஒன்றுகூட நம் ஊரில் இல்லை என்று சொல்லும் நிலையை ஒவ்வொரு பஞ்சாயத்தும் உண்டாக்குமாக.